காணையில் வீசிய காற்று: மறுபகுப்பாய்வுத் தரவும் வரலாற்றுச் சான்றும்

2011 டிசம்பர் 30 காலையில் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. காற்று மணிக்கு 120 முதல் 140 கி.மீ. வேகத்தில் வீசியதாக இந்திய வானிலை ஆய்வுத் துறை மதிப்பிட்டது. பண்ருட்டி வட்டாரத்தில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. கடலிலிருந்து 40 கி.மீட்டருக்கும் அப்பால் உள்ள காணையில் அன்று வீசிய காற்றின் வேகத்தை எதைக்கொண்டு அறிவது?

இவ்வினாவுக்கு உதவும் மூலங்களுள் ஒன்று ‘ஐஎம்டிஏஏ’ மறுபகுப்பாய்வு. இந்திய, பிரித்தானிய வானிலை நிறுவனங்கள் இணைந்து உருவாக்கிய இத்தொகுப்பு, 1979 முதலான வானிலையை 12 கி.மீ. கட்டங்களில் மணிவாரியாகத் தருகிறது. பழைய அளவீடுகளைக் கணினி மாதிரியோடு இணைத்து, அளவீடு இல்லாத இடங்களுக்கும் இது மதிப்புகளைக் கணிக்கிறது.

ஒரு கட்டத்தின் பரப்பு 144 சதுர கி.மீ. அதனுள் அடங்கும் கரும்பு வயல், ஏரி, பனை வரிசை, குடியிருப்பு அனைத்துக்கும் ஒரே வேகமே கிடைக்கிறது. நிலையத்துக் காற்றுவேகமானியோ 10 மீட்டர் உயரத்தில் ஒரு புள்ளியை மட்டும் அளக்கிறது. ஆகவே புயலின் உச்ச வேகம் கட்டத்தில் குறைந்து தோன்றுவது இயல்பு. காற்றின் விசை வேகத்தின் இருமடியைச் சார்ந்தது. வேகத்தை 10 விழுக்காடு குறைத்துக் கணித்தால் விசை 19 விழுக்காடு குறைந்துவிடும். சேதத்தை மதிப்பிடுவோர்க்கு இது சிறு பிழையன்று.

பருவக்காற்றின் நெடுங்காலப் போக்கை அறிய இத்தரவு தக்க சான்றாகும். ஆனால் ஓர் ஊரில் ஒரு நாள் வீசிய உச்சக் காற்றுக்கு, நிலையப் பதிவோடும் வருவாய்த் துறையின் சேதக் கணக்கோடும் ஒப்பிட்ட பின்னரே இதனை ஏற்க வேண்டும். கல்வெட்டில் சிதைந்த எழுத்தை ஊகித்து நிரப்பும் பதிப்பாசிரியர் அதனை அடைப்புக்குறிக்குள் காட்டுவார். மறுபகுப்பாய்வு தரும் வேகத்துக்கும் அத்தகைய குறி தேவை.