வரன்முறையும் ஆக்கிரமிப்பும்

தமிழ் படித்தவனுக்குச் சட்டப் பிரதியில் முதலில் கண்ணில் படுவது சொல்தான். சென்னையில் அனுமதியின்றிக் கட்டுவது குறித்த அரசு ஆவணங்களில் இரண்டு சொற்கள் எதிரெதிரே நிற்கின்றன: 'வரன்முறை', 'ஆக்கிரமிப்பு'. எந்தச் சொல் யாருக்கு என்பதில்தான் அரசியல் இருக்கிறது.

தி.நகரிலிருந்து தொடங்கலாம். 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. நீதிக்கட்சி ஆட்சியில், 1923இலிருந்து, மாம்பலத்தின் நெடிய ஏரி வடிக்கப்பட்டு மனைகளானது. தியாகராயர், பனகல் அரசர், டாக்டர் நாயர், நடேசன் என்று கட்சித் தலைவர்களின் பெயர்கள் நகருக்கும் பூங்காவுக்கும் தெருக்களுக்கும் ஏறின. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்ற பெயர் மட்டும் மிச்சம். இதை யாரும் ஆக்கிரமிப்பு என்பதில்லை. இதன் பெயர் நகரமைப்பு.

1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டமும் 1975இன் முதல் பெருந்திட்டமும் எந்தத் தெருவில் வீடு, எதில் கடை, எத்தனை அடி உயரம், பக்கத்தில் எவ்வளவு இடம் விடுவது என்று வகுத்தன. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. தளப்பரப்புக் குறியீடு 1.5 என்றால் 3,600 சதுர அடி எழுப்பலாம். 2019 விதிகள் அதை 2 ஆக்கின, இப்போது 4,800.

விதி வளையாதது அல்ல. மயிலாப்பூர் போன்ற பழைய பகுதிகளில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியிருக்கும். பக்க இடைவெளி விடச் சொன்னால் வீடே மிஞ்சாது. எனவே 'தொடர் கட்டடப் பகுதி' என்றொரு வகையைச் சட்டமே ஏற்றது. மனிதர்கள் வாழ்கிற விதத்தைப் படித்துக்கொள்ளச் சட்டத்துக்குத் தெரியும்.

பெரிய கடைகளுக்கோ அது இன்னும் தாராளம். 1998இல் 113-ஏ பிரிவு சேர்ந்தது: 28.2.1999க்குள் முடிந்த மீறல்களைக் கட்டணம் வாங்கி வரன்முறைப்படுத்தலாம். 2000, 2001, 2002 எனக் கெடு நீண்டது. "இப்ப கட்டிருங்க சார், அப்புறம் ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்" என்பது பில்டர்களின் தாரக மந்திரமாயிற்று. 2006இல் உயர்நீதிமன்றம் முதல் சலுகையை மட்டும் ஒருமுறைக்கானதென ஏற்று, நீட்டிப்புகளைச் செல்லாதென்றது. 2007இல் இடிப்பைத் தடுக்க அவசரச் சட்டம். 2011 அக்டோபர் இறுதியில் ரங்கநாதன் தெருவில் கடைகளுக்குச் சீல். சில மாதங்களில் உச்சநீதிமன்ற அனுமதியோடு மீண்டும் வியாபாரம். 2012இல் 113-சி, இம்முறை 1.7.2007க்கு முந்தைய கட்டடங்களுக்கு.

'வரன்முறை' என்றால் வழிவழியாக வரும் முறை. மீறலே வழக்கமாகிவிட்ட ஊரில் சொல் எவ்வளவு பொருத்தம்! ஆனால் விலையும் உண்டு. 2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் ஒரு பெரிய ஜவுளிக் கடை தீப்பிடித்தது. பல மணி நேரம் எரிந்த அந்தக் கட்டடத்தைக் கடைசியில் இடிக்கத்தான் முடிந்தது. பக்க இடைவெளி என்பது தீயணைப்பு வண்டி நுழைவதற்கான வழியும்தான்.

இனி மற்ற சொல். பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே தூண் நட்டுப் பறக்கும் ரயில் போட்டது அரசு. 1997இல் அது மயிலைக்கு வந்தது. அது வளர்ச்சி. அதே கால்வாய்க் கரையில், ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், பல பத்தாண்டுகளாக வாழ்ந்தவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள். நீதிமன்ற ஆணைப்படி 2022 மேயில் வீடுகள் இடிக்கப்பட்டன. ஒருவர் தீக்குளித்து இறந்தார். அப்புறம்தான் இடிப்பு நின்றது. இப்படி வெளியேற்றப்படுபவர்களுக்குக் கிடைக்கிற பெரும்பாக்கம், செம்மஞ்சேரி எங்கே இருக்கின்றன? பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டி, மழைக்கு மூழ்கும் இடத்தில்.

விதியே வேண்டாம் என்பதல்ல என் வாதம். விதி இல்லாவிட்டால் முதலில் மூழ்குகிறவர்களும் எரிகிறவர்களும் ஏழைகள்தான். ஏழு மாடிக் கடைக்குப் பல வருஷமாகக் கெடு நீட்டத் தெரிந்த சட்டத்துக்கு, கால்வாய்க் கரைக் குடிசைக்கு ஒரு உட்பிரிவு எழுத ஏன் கை வரவில்லை? அகராதியை மாற்ற வேண்டியவர்கள் நாம்தான்.