உள்ளே இருப்பது யார்?

புதுச்சேரி தேங்காய்த்திட்டில், துறைமுகத்துக்குப் போகிற வழியில் நண்பரின் வீடு. பரணைச் சுத்தம் செய்தபோது பழைய கம்ப்யூட்டர் ஒன்று கீழே இறங்கியது. 1995-ல் அவருடைய அப்பா பி.எஃப். லோன் போட்டு, சென்னையில் அசெம்பிள் செய்து, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த பெட்டி. முகப்பில் '486' என்று ஒரு ஸ்டிக்கர். அவ்வளவுதான்!

"இன்டெல்னு சொல்லித்தான் குடுத்தாங்க சார்!" என்றார் பெரியவர் பெருமையாக.

மூடியைத் திறந்து, குட்டி ஃபேனை எடுத்துவிட்டுத் தூசியைத் துடைத்தோம். சதுரமான சில்லின் முதுகில் எழுத்துகள் தெரிந்தன... ஏ.எம்.டி.! நண்பர் மெதுவாக என் காதில், "அப்பாவை ஏமாத்திட்டாங்களா?" என்றார்.

பதில் சொல்ல 1981-க்குப் போக வேண்டும்.

அந்த வருடம்தான் ஐ.பி.எம். தன் முதல் பி.சி.யை வெளியிட்டது. அதன் மூளை, இன்டெல்லின் 8088. 'ஒரே கம்பெனியை நம்பி இறங்க முடியாது. இன்னொருத்தரும் இதே சில்லைத் தயாரிக்கணும்' என்பது ஐ.பி.எம். போட்ட கண்டிஷன். 1982-ல் ஏ.எம்.டி.யோடு கைகுலுக்கியது இன்டெல். 286 வரை உறவு ஓடியது. 1985-ல் 386 வந்ததும் கதவைச் சாத்திவிட்டது, 'இனி நாங்க மட்டும்தான்!'

ஏ.எம்.டி. விடுமா? 386-க்கு இணையான சில்லைத் தானே உருவாக்கியது. '386 எங்கள் பெயர்' என்று கோர்ட்டுக்குப் போனது இன்டெல். 1991-ல் அமெரிக்க நீதிமன்றம் கையை விரித்துவிட்டது. அது ஒரு வகையைக் குறிக்கும் வெறும் எண்தான், டிரேட் மார்க் ஆகாது!

அப்புறம் என்ன? 486 என்று ஏ.எம்.டி.யும் விற்றது, சைரிக்ஸும் விற்றது. குழப்பம் வாங்குகிறவருக்குத்தான்! இன்டெல் இரண்டு காரியம் செய்தது. 1991-லேயே 'இன்டெல் இன்சைட்' விளம்பரத்தை ஆரம்பித்தது. 1993-ல் அடுத்த சில்லுக்கு 586 என்று எண் வைக்காமல், கிரேக்க மொழியின் ஐந்தைச் சேர்த்துப் 'பென்டியம்' என்று பெயர் சூட்டியது. அதை உருவாக்கியதில் முக்கியமானவர் புனேயில் பிறந்த வினோத் தாம். வேடிக்கை என்னவென்றால், அவரே பிறகு ஏ.எம்.டி. பக்கம் வந்து, 1997-ல் பென்டியத்துக்குப் போட்டியாக வந்த கே-6 சில்லுக்கும் கை கொடுத்தார்!

பென்டியம் காலம் முதல், 'நீ யார்?' என்று சில்லையே புரோகிராம் மூலம் கேட்கலாம். 12 ஆங்கில எழுத்துகளில் பதில் வரும். 'ஜெனுயின் இன்டெல்' என்று ஒன்று. 'அதென்டிக் ஏ.எம்.டி.' என்று இன்னொன்று. சைரிக்ஸுக்குக் குறும்பு அதிகம், 'சைரிக்ஸ் இன்ஸ்டெட்', அதாவது அதற்குப் பதில் நான்!

பெரியவர் பழைய ஃபைலிலிருந்து மஞ்சளேறிய பில்லை எடுத்துவந்தார். '486 கம்ப்யூட்டர் - 1' என்று மட்டும் இருந்தது. கம்பெனி பெயரே இல்லை! கடைக்காரர் வாயால் சொன்னது பொய். ஆனால், எழுதிக் கொடுத்தது சத்தியமான உண்மை. அந்த எண்தான் யாருக்கும் சொந்தமில்லையே!

விஷயத்தைச் சொன்னோம். சில்லையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரா இருந்தா என்ன... பத்து வருஷம் உழைச்சுதே சார்!" என்றார்.

பழைய பெட்டி உங்கள் வீட்டுப் பரணிலும் இருக்கிறதா? ஸ்டிக்கரை நம்பாதீர்கள். மூடியைத் திறந்து பாருங்கள்!