ஏறி இறங்கும் எண்மாலை

12345654321. ஆயிரத்து இருநூற்று முப்பத்து நான்கு கோடியே ஐம்பத்தாறு இலட்சத்து ஐம்பத்து நாலாயிரத்து முந்நூற்று இருபத்தொன்று. இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும் மாறாத இவ்வெண்ணுக்கும் நம் சமயத்துக்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொடர்பு உண்டு.

கி.பி. 9ஆம் நூற்றாண்டில், இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷ நிருபதுங்கன் காலத்தில் விளங்கிய சமணக் கணித அறிஞர் மகாவீராசாரியர். எண்ணறிவு என்னும் விளக்கால் உலகனைத்தையும் துலங்கச் செய்தவர் என்று பகவான் மகாவீரரை வணங்கித் தம் 'கணித சார சங்கிரகம்' என்னும் வடமொழி நூலை அவர் தொடங்குகிறார். அந்நூலின் பெருக்கற் கணக்குகளுள் ஒன்று, 27994681ஐ 441ஆல் பெருக்கச் சொல்கிறது. விடை மேற்கண்ட எண்ணே.

இந்த அழகு தற்செயலானதன்று. 111111ஐ அதே எண்ணால் பெருக்கினால் இவ்வெண் கிடைக்கும். 111111 என்பது 3, 7, 11, 13, 37 ஆகிய பகா எண்களின் பெருக்கம். அவற்றுள் 3, 7 இரண்டின் பெருக்கமாகிய 21இன் வர்க்கம் 441. எஞ்சிய மூன்றின் பெருக்கமாகிய 5291இன் வர்க்கம் 27994681. இலக்கங்களைக் கூட்டினால் 36. ஆதலின் 9ஆல் மீதியின்றி வகுபடும். ஒன்பது ஒன்றுகள் வரை வர்க்கங்கள் இவ்வாறே ஏறி இறங்கும். பத்தாவது ஒன்று சேர்ந்தால் மாலை அறுந்துவிடும்.

இவ்வெண்ணை ஆசிரியர் இலக்கம் இலக்கமாக அடுக்கவில்லை. ஒன்றில் தொடங்கி ஆறுவரை சென்று முறையே குறைவது என்ற பொருளில் சில சொற்களிலேயே குறிப்பிடுகிறார். இடமதிப்பு முறை கற்போருக்கு நன்கு பழகியிருந்தாலன்றி இப்படிச் சொல்லி விளங்கவைக்க இயலாது. ஏகம் முதல் மகாக்ஷோபம் வரை 24 தானங்களுக்கு அவர் பெயர் கூறுவதும் இங்கு நினைக்கத்தக்கது.

இந்நூல் உலகறிய வெளிப்பட்டது நம் சென்னையிலிருந்துதான். மாநிலக் கல்லூரிப் பேராசிரியரும் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகப் பொறுப்பாளருமான மு. ரங்காசாரியார், அந்நூலகத்தில் முற்றுப்பெறாத மூன்று சுவடிகளைக் கண்டார். மூடபித்ரியில் சமணர் காத்துவந்த சுவடியும் அவருக்குத் துணைநின்றது. ஒப்புநோக்கி, ஆங்கில மொழிபெயர்ப்புடன் அவர் பதிப்பித்த நூலைச் சென்னை அரசு 1912இல் வெளியிட்டது.

இடைப்பட்ட ஆயிரம் ஆண்டுகளில் ஓலைகள் எத்தனையோ முறை செல்லரித்திருக்கும். அழியுமுன் எவரோ ஒருவர் ஒவ்வொரு முறையும் படியெடுத்திருக்கிறார். ஒரே ஓர் இலக்கம் பிறழ்ந்திருந்தாலும் மாலை குலைந்திருக்கும். ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களுள் சாத்திர தானத்தின் பயன் இதுவே.

வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனப் பகுதிச் சிற்றூர்களிலிருந்து தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் எனக் குடிபெயர்ந்த குடும்பங்கள் நம்முள் பல. பூட்டிய பூர்விக வீட்டுப் பரணில் ஓலைக்கட்டு ஏதேனும் இருப்பின், வீட்டை விற்பதற்கும் இடிப்பதற்கும் முன் அதனை இறக்கிச் சுவடி நூலகத்தில் சேர்ப்பது நம் கடமை. சுருத பஞ்சமியன்று நூலை வணங்கும் நாம், எஞ்சிய ஓலைகளைக் காப்பதும் அவ்வழிபாட்டின் பகுதியே.