தறிக்கு ஒரு பெயர்

நன்னூல் பொதுப்பாயிரம் நடத்தும்போது ஒரு வெண்பாவில் எப்போதும் கொஞ்சம் நின்றுவிடுவேன். நூலுக்கு நூல் என்ற பெயர் ஏன் வந்தது என்று சொல்லும் பாட்டு அது. சொல்தான் பஞ்சு, செய்யுள் இழை, வாய் கை, அறிவு கதிர். நூற்கிறவள் ஒரு பெண். ஆனால் அவள் உவமைக்காக மட்டுமே வருகிறாள். அவளுடைய இடத்தில் உட்கார்ந்திருப்பவன் புலவன், ஆண்பால் விகுதியோடு. சில வருடங்களுக்கு முன் முதலாமாண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "அப்ப நெஜமா நூத்தது யாரு மேடம்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நூற்றது யார் என்பதற்குச் சங்கப் பாடல்களிலேயே விடை இருக்கிறது. ஆண் துணையில்லாத பெண்கள் நுண்ணிய நூல் நூற்பதை நற்றிணை சொல்கிறது. இரவில் எழுந்து சிறு விளக்கொளியில் பஞ்சின் தூசி தட்டும் பெண் புறநானூற்றில் வருகிறாள். பருத்தியின் பெயராலேயே அந்தப் பெண்களை அழைக்கிறார்கள் புலவர்கள். தொழில் பெயர் இருக்கிறது, ஆளின் பெயர் இல்லை.

நான் பிள்ளையார்பாளையத்துக்காரி. காஞ்சிபுரத்தின் தெற்கும் மேற்குமாகப் பரந்து கிடக்கும் நெசவாளர் தெருக்கள் எங்களுடையவை. வெளியூர்க்காரர்கள் அந்தத் தெருக்களின் அகலத்தைப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள். தேர் ஓடுவதற்கான அகலம் என்று நினைத்துக்கொள்வார்கள். அது பாவு ஓட வேண்டிய அகலம். விடிவதற்கு முன் தெரு நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, வெயில் ஏறுவதற்குள் இழை இழையாகப் பிரித்து உலர்த்திவிட வேண்டும். ஒரு வீட்டுப் பாவுக்கு நாலு வீட்டுக்காரர்கள் கைகொடுப்பார்கள். நாளை அவர்கள் வீட்டுப் பாவுக்கு நாம் போக வேண்டும். இதற்குக் கூலி கிடையாது, கணக்கும் கிடையாது. ஆனால் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பது பெண்களுக்கு அத்துப்படி. சங்கம் என்று ஒன்று உண்டானால் அது முதலில் இந்தத் தெருவில்தான் உண்டானது என்று எனக்குத் தோன்றும்.

பாவு தறிக்கு வந்தபின் அடுத்த வேலை பிணைப்பது. பழைய பாவின் முனையோடு புதிய பாவின் முனையை, ஒவ்வோர் இழையாக, விரல்நுனியில் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். ஓரிழை தவறினால் புடவை முழுக்கக் கோடு விழும். எங்கள் வீட்டில் இதைச் செய்தவள் ஆயா. அப்பாவைப் பெற்றவள். பிணைப்பு இல்லாத நாட்களில் ராட்டினத்தின் முன் உட்கார்ந்து தார் சுற்றுவாள். நாடாவுக்குள் போகும் தார் அது. நெய்கிறவர் கை நீட்டும்போது தார் தயாராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தறி நின்றுவிடும். எங்கள் வீட்டில் ஒரு பாவுக்கு மூன்று புடவை. மூன்றுக்கும் ஊடை முழுக்க ஆயா விரல் வழியாகத்தான் போனது. "நான் என்னாடி பண்றேன், சும்மா தார் போட்டுக்கினு கெடக்கறேன்" என்பாள். அந்தச் 'சும்மா'வைத்தான் இந்தக் கட்டுரையில் பின்தொடர விரும்புகிறேன்.

சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் தறி இறை என்று ஒரு வரி வருகிறது. தறியை எண்ணி வாங்கிய வரி. அரசுக்கு எண்ண வசதியானது தறிதான். அது அசையாமல் ஓரிடத்தில் இருக்கும், குழி வெட்டிப் பதித்திருக்கும். ராட்டினம் அப்படியல்ல, திண்ணைக்கும் அடுப்படிக்கும் நகரும். விஜயா ராமசுவாமி இடைக்காலத் தென்னிந்திய நெசவாளர்களைப் பற்றி எழுதிய நூல் 1985இல் வந்தது. கைக்கோளர், சாலியர், தேவாங்கர் என்று நெசவுச் சமூகங்கள் கோயிலோடும் வணிகத்தோடும் கொண்டிருந்த உறவைக் கல்வெட்டுகளிலிருந்து அவர் விரித்துக் காட்டினார். அதைப் படித்தபோதுதான், எங்கள் தெருவில் ஆயா வேலை செய்த விதத்துக்கும் அந்த வரிக்கணக்குக்கும் தொடர்பு இருக்கிறது என்று எனக்கு உறைத்தது. எண்ணப்பட்டது தறி, அதனால் கணக்கில் ஏறியவர் தறியில் உட்கார்ந்தவர் மட்டும்.

கைக்கோளருக்கு எழுபத்திரண்டு நாடு என்ற அமைப்பு இருந்தது. ஊர் நாடுகள், அவற்றுக்கு மேல் பெரிய நாடுகள், எல்லாவற்றுக்கும் மேல் காஞ்சிபுரத்தில் மகாநாடு. வழக்குத் தீர்ப்பது, கோயில் மரியாதையை முடிவு செய்வது எல்லாம் இந்த நாடுகள்தான். மாட்டிசன் மைன்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1984இல் வெளியிட்ட தன் புத்தகத்துக்கு வைத்த தலைப்பே 'போர்வீர வணிகர்கள்' என்ற பொருள் தரும். தலைப்பைப் பாருங்கள்: போர், வணிகம். தார் சுற்றுவது அதில் எங்கே வரும்?

எங்கள் தெருவில் சூரசம்ஹாரத்தின்போது நவவீரர்கள் வேடம் கட்டுவார்கள். செங்குந்தர் தங்களை அந்த ஒன்பது வீரர்களின் வழியினர் என்று சொல்லிக்கொள்வார்கள். முருகனின் படைத்துணைவர்கள். பார்வதியின் சிலம்பிலிருந்து சிதறிய ஒன்பது மணிகளிலிருந்து ஒன்பது பெண்கள் தோன்றினார்கள், அவர்கள் பெற்ற பிள்ளைகள்தான் நவவீரர்கள் என்பது கதை. கச்சியப்பர் கந்தபுராணம் பாடி அரங்கேற்றியதாகச் சொல்லப்படும் குமரகோட்டம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். வீரபாகுவின் பெயர் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த ஒன்பது தாய்மார் யார் யார் என்று ஆயாவைக் கேட்டேன். "மாணிக்கவல்லி ஒருத்தி... மரகதவல்லி..." என்று தொடங்கி நிறுத்திவிட்டாள். மணிகளின் பெயரைத்தான் பெண்களுக்கு வைத்திருக்கிறார்கள். ஒன்பது கல்லையும் வரிசையாகச் சொல்லத் தெரிந்தால் அவர்கள் பெயரையும் சொல்லிவிடலாம்.

அதே சமூகத்தில் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கமும் இருந்தது. தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளில் கைக்கோளர் பகுதியில் இதை எழுதியிருக்கிறார். 1947இல் சட்டம் தடுக்கும்வரை அது வெவ்வேறு வடிவில் நீடித்தது. இந்தப் பேச்சை எடுத்தால் இன்றும் எங்கள் உறவில் முகம் சுளிப்பவர்கள் உண்டு. நெசவாளர் வரலாறு என்றால் வீரமும் கைத்திறனும் மட்டும்தான் என்று இருக்க வேண்டும் அவர்களுக்கு. 1734இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் சின்னத்தறிப்பேட்டையை, இன்றைய சிந்தாதிரிப்பேட்டையை, உண்டாக்கியபோது குடியேற்ற நினைத்தவர்களில் நூற்பவர், நெய்பவர், துணியில் வண்ணம் தீட்டுபவர், வெளுப்பவர் ஆகியோரோடு கோயிலுக்கு ஆடும் பெண்களும் சேர்த்தி. கம்பெனிக்குத் துணி வேண்டும். துணிக்கு ஒரு ஊர் வேண்டும். ஊருக்குக் கோயில், கோயிலுக்குப் பெண்கள் என்று கணக்கு நேராகப் போகிறது.

கூட்டுறவு வந்த கதை ஓரளவு எல்லோருக்கும் தெரிந்தது. 1935இல் சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர்களுக்கான தலைமைச் சங்கம் தொடங்கியது. அதுதான் பின்னாளில் கோ-ஆப்டெக்ஸ். 1953இல் தேங்கிக் கிடந்த கைத்தறித் துணிகளைத் திமுக தலைவர்கள் தெருத்தெருவாகச் சுமந்து விற்றார்கள். அண்ணா எங்கள் ஊர்க்காரர் என்பதால் இந்தக் கதையைச் சொல்லும்போது தாத்தாமார்களின் குரல் மாறும். கூட்டுறவை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அது வருமுன் மாஸ்டர் வீவர் எனப்படும் முதலாளியிடம் முன்பணம் வாங்கி, அந்தக் கடன் தீராமலே தறியில் உட்கார்ந்து செத்தவர்கள் எங்கள் குடும்பத்திலேயே இருந்தார்கள். சங்கம் பட்டும் ஜரிகையும் கொடுத்தது, நெய்த புடவையை எடுத்துக்கொண்டது, கூலியைப் புத்தகத்தில் எழுதியது. சேமிப்பு நிதிக்குக் கூலியில் ரூபாய்க்கு 8 காசு பிடித்தார்கள், அரசும் தன் பங்கைப் போட்டது. தீபாவளிக்குப் போனஸ். முதலாளி வீட்டு வாசலில் நிற்க வேண்டியதில்லை. அப்பா தேர்தலில் ஓட்டுப் போட்டு வந்த நாளில் வீட்டில் பாயசம்.

ஆனால் சங்கமும் தறியைத்தான் எண்ணியது. ஒரு தறிக்கு ஓர் உறுப்பினர், ஓர் எண், ஒரு பாஸ்புத்தகம். கூலி புடவைக்குத்தான். தாருக்கும் பிணைப்புக்கும் கஞ்சிக்கும் உரியது அதற்குள்ளேயே அடக்கம். அடக்கம் என்ற சொல்லுக்குத் திருக்குறளில் ஓர் அதிகாரம் உண்டு, சங்கக் கணக்கில் அதற்கு வேறு பொருள்.

அப்பாவுக்கு மார்பில் நோய் வந்தபோது எனக்குப் பதினொரு வயது. குழியில் இறங்கி மிதிக்க அவரால் முடியவில்லை. அம்மா இறங்கினாள். அம்மாவுக்கு நெசவு புதிதல்ல. பிறந்த வீட்டிலேயே கற்றவள். புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறமாக வரும் கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா ஓட வேண்டும். இரண்டை நெய்கிறவர் பார்த்துக்கொள்வார். மூன்றாவது நாடாவை ஒரு பக்கக் கரையில் ஓட்ட இன்னொரு கை வேண்டும். பள்ளிவிட்டு வந்ததும் அந்தக் கை என்னுடையது. எங்கள் தெருவில் பல வீடுகளில் அந்தக் கை பள்ளிக்கே போகாத பிள்ளையின் கை. பெற்றவர்கள் வாங்கிய முன்பணத்துக்காகப் பிறர் வீட்டுத் தறியில் உட்கார்ந்த பிள்ளைகள். 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரத்துப் பட்டுத்தறிகளின் கொத்தடிமைப் பிள்ளைகள் வந்தார்கள். நான் அந்தக் கணக்கில் வர மாட்டேன். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் குடும்பத்தார் துணையோடு நடக்கும் பட்டறைக்கு விலக்கு கொடுத்திருந்தது. வீட்டு வேலை வேலையாகாது என்று சட்டத்துக்கும் ஆயாவுக்கும் ஒரே கருத்து.

ஏறக்குறைய ஐந்து வருடம் அம்மா நெய்த புடவைகளுக்கு அப்பா பெயரில் கூலி வந்தது. புடவையை மடித்துக் கொண்டுபோய்ச் சங்கத்தில் போடுவது அம்மா. சரிபார்ப்பவர் விளக்கொளியில் விரித்துப் பார்த்துக் குறை சொல்வது அம்மாவிடம். கையெழுத்து மட்டும் அப்பாவுடையது. படுக்கையில் சாய்ந்தபடி போடுவார். அவர் இறந்த பிறகு அம்மா தன் பெயரில் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளக் கேட்டாள். சங்கத்தின் பெயரை எழுத வேண்டாம், அது எந்தச் சங்கத்திலும் நடந்திருக்கும். "உனக்குக் கோர்வை போடத் தெரியுமாம்மா?" என்று கேட்டார்கள். தறியை வந்து பார்ப்போம், ஒரு புடவை நெய்து காட்டு என்றார்கள். அம்மா ஒன்றும் பேசாமல் வீட்டுக்கு வந்தாள். சாப்பிடவில்லை. இரவு ஆயாதான் சொன்னாள்: "நெஞ்சு காட்டேன். அவனுங்க கண்ணுல படட்டும்."

மூன்று பேர் வந்தார்கள். எங்கள் வீட்டுப் புடவைகளை வருடக்கணக்காகச் சரிபார்த்தவரும் அதில் ஒருவர். அரைமணி நேரம் நின்று பார்த்தார். கரையும் உடலும் சேரும் இடத்தை விரலால் தடவினார். "இது ஒங்க வீட்டு வழக்கமான கைதான்" என்றார். அந்தக் கை யாருடையது என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்ததா, முன்பே தெரியுமா என்பதை அம்மா இன்றும் அவ்வப்போது யோசிப்பாள்.

உறுப்பினர் எண் கிடைத்தது, பழைய ஐந்து வருடம் கிடைக்கவில்லை. சேமிப்பு நிதி அப்பா கணக்கில் தீர்ந்து வாரிசுப் பணமாக வந்தது. தான் உழைத்துச் சேர்த்த பணத்தை இறந்தவனின் மனைவி என்ற முறையில் கைநாட்டில்லாமல், கையெழுத்துப் போட்டே, அம்மா வாங்கினாள். அதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. எட்டாம் வகுப்பு படித்தவள்.

1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கச் சட்டம் நிர்வாகக் குழுக்களில் பெண்களுக்கு 30 விழுக்காடு இடம் ஒதுக்குகிறது. ஆனால் குழுவுக்குப் போக முதலில் உறுப்பினராக வேண்டும், உறுப்பினராகத் தறி வேண்டும். நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு 2019-20இல் நடந்தது. நாடு முழுவதும் 35.22 லட்சம் கைத்தறித் தொழிலாளர்கள், அவர்களில் 25.46 லட்சம் பேர் பெண்கள். வடகிழக்கு மாநிலங்களில் நெசவு பெரும்பாலும் பெண்களின் வேலை என்பதால் இந்த எண் இப்படி உயர்கிறது, அதை மறைக்கக் கூடாது. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொரு எண். நெய்பவர்களைத் தவிர, தார் சுற்றுவது, பாவு ஓடுவது, சாயமிடுவது போன்ற வேலைகளைச் செய்பவர்கள் 8.48 லட்சம் என்று தனியாக எழுதியிருந்தார்கள். 'சார்புத் தொழிலாளர்' என்று பெயர். எதைச் சார்ந்து? தார் இல்லாமல் நாடா ஓடாது. யார் யாரைச் சார்ந்திருக்கிறார்கள் என்று ஒருநாள் தார் தீர்ந்த தறியின் முன் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

அந்த எண்ணைப் படித்தபோது ஆயா இல்லை. அவளுக்கு நெசவாளர் ஓய்வூதியம் வாங்க நான் அலைந்திருக்கிறேன். கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. விண்ணப்பத்தில் உறுப்பினர் எண் கேட்டிருந்தது. அலுவலர் நல்ல மனிதர்தான், உட்காரச் சொன்னார். "பாட்டி நெசவு பண்ணாங்களா?" என்றார். தார் சுற்றினார்கள், பாவு பிணைத்தார்கள், அறுபது வருடம் என்றேன். "அது வேற. தறில ஒக்காந்தாங்களா?" ஆயாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் எனக்கு முன்பே தலையை ஆட்டிவிட்டாள், இல்லை என்று.

திரும்பி வரும்போது இன்னொன்றும் உறைத்தது. அம்மா உறுப்பினரான பிறகும் எங்கள் வீட்டுத் தறிக்குப் பெயர் ஒன்றுதான். அப்பா பெயர் போய் அம்மா பெயர் வந்திருந்தது. அதற்குள்ளே ஆயா முன்போலவே அடக்கம். நானும்தான். என்னைப் படிக்க வைத்தது அம்மாவின் கூலி என்று மேடைகளில் சொல்லியிருக்கிறேன், ஒரு கவிதையும் எழுதியிருக்கிறேன். அந்தக் கவிதையில் ராட்டினம் இல்லை.

அம்மா இப்போது குழியில் இறங்குவதில்லை, முழங்கால் விடவில்லை. தறியைப் பிரித்து மரத்தை விற்றாகிவிட்டது. குழியை மூடிச் சிமெண்டு பூசியிருக்கிறோம். மழைக்காலத்தில் அந்த இடம் மட்டும் ஈரம் கசியும். பக்கத்து வீட்டில் இன்னும் தறி ஓடுகிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறாள். என்ன செய்கிறாய் என்று தொலைபேசியில் கேட்டேன்.

"ஒண்ணுமில்லம்மா. சும்மா தார் போட்டுக்கினு கெடக்கறேன்."