சொர்க்கம் என்றொரு குட்டி மரம்

ஆப்பிளைச் சாப்பிட்டுவிட்டு விதையை மண்ணில் புதைத்தால் என்ன முளைக்கும்?

'இதென்ன கேள்வி, ஆப்பிள் மரம்தான்!' என்பீர்கள். மரம் என்னவோ ஆப்பிள்தான். ஆனால், நீங்கள் ருசித்துச் சாப்பிட்ட அதே ஆப்பிள் அதில் காய்க்காது. ஒவ்வொரு விதைக்கும் தனி ஜாதகம்! பெரும்பாலும் வாயில் வைக்க முடியாத புளிப்புக் காய்தான் மிஞ்சும். அதைத் தெரிந்துகொள்ளவே ஆறேழு வருஷம் காத்திருக்க வேண்டும். அதற்குள் மரம் 25, 30 அடிக்கு வளர்ந்து பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை மூட்டிவிடும்!

இதற்கு மனிதன் கண்டுபிடித்த வழிதான் ஒட்டுக் கட்டுவது. நல்ல பழம் தருகிற மரத்தின் குச்சியை வெட்டி, வேறொரு செடியின் வேர்ப்பகுதியில் பொருத்திக் கட்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும். பழத்தின் ருசியைத் தீர்மானிப்பது மேலே இருக்கும் குச்சி. சரி, மரம் எவ்வளவு உயரம் வளரும், எத்தனை சீக்கிரம் காய்க்கும்..? அதில் கீழே மண்ணுக்குள் இருக்கும் வேருக்குப் பெரிய பங்கு உண்டு. இந்த ரகசியத்தின் பின்னால் சில நூற்றாண்டு சரித்திரமே இருக்கிறது.

அலெக்ஸாண்டர் கிழக்கே படையெடுத்துப் போனபோது, குள்ளமாக வளரும் ஆப்பிள் செடி ஒன்றைக் கண்டு வியந்து கிரேக்கத்துக்கு அனுப்பி வைத்தார் என்று ஒரு கதை உண்டு. கதைதான், சாட்சி கேட்காதீர்கள்! ஆனால், பிற்கால ஐரோப்பாவில் இப்படிப்பட்ட குள்ள ஆப்பிளுக்கு வைத்த பெயர் சுவாரஸ்யமானது - 'பாரடைஸ்'. அதாவது, சொர்க்கம்! இந்த வார்த்தையின் பூர்வீகம் பழைய ஈரான். அங்கே அதன் பொருள், 'சுற்றிலும் சுவர் எழுப்பிய இடம்'. அது கிரேக்கத்துக்குப் போய்த் தோட்டமாகி, பைபிளுக்குள் நுழைந்து சொர்க்கமாகிவிட்டது. ஆக, நாலு பக்கமும் சுவர் வைத்த சின்ன நிலம்தான் ஆதி சொர்க்கம்!

அப்படி ஒரு சொர்க்கத்தை நிஜமாகவே கட்டச் சொன்னவர் பிரான்ஸ் மன்னர் பதினாலாம் லூயி. வெர்சாய் அரண்மனைக்குப் பக்கத்தில் 1678-லிருந்து 1683-க்குள் 'ராஜாவின் காய்கறித் தோட்டம்' உருவானது. பொறுப்பு ஏற்றவர் லா கின்டினி. படித்தது சட்டம், பார்த்தது தோட்ட வேலை! மன்னர் ஒதுக்கிய இடமோ நாற்றமடிக்கும் சதுப்பு நிலம். மண்ணைக் கொட்டி மேடாக்கி, சுவர்களாகக் கட்டித் தள்ளினார்கள். அந்தச் சுவர்களில் பழ மரங்களைக் கை விரித்து நிற்பது போலத் தட்டையாகப் படர விட்டார் லா கின்டினி. பகலில் வெயிலை உறிஞ்சிய சுவர், இரவில் மரத்துக்குக் கதகதப்பு தரும். பேரி மரத்தின் குச்சியை குவின்ஸ் என்ற சிறு மரத்தின் வேரில் ஒட்டினால் மரம் அடக்கமாக வளரும் என்பதும் அந்தக் காலத்துத் தோட்டக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆக, சின்ன மரம் என்பது முதலில் ராஜாக்களின் ஆடம்பரம். சாதாரண மனிதன் வாங்கப் போனபோதுதான் வந்தது வில்லங்கம்!

19-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் ஐரோப்பா முழுக்க நர்சரிக்காரர்கள் 'பாரடைஸ்', 'டூசின்' என்ற பெயர்களில் வேர்ச்செடிகளை விற்றார்கள். ஒருவர் விற்ற 'பாரடைஸ்' குள்ளமாக வளரும். இன்னொருவர் விற்ற 'பாரடைஸ்' கூரையைத் தாண்டும்! எல்லாம் ஒரே பெயரில் கலந்து கிடந்தன. வேண்டுமென்று ஏமாற்றினார்கள் என்று சொல்ல முடியாது... விற்றவருக்கே அது என்ன செடி என்று தெரியாது. ஏமாந்தவருக்கு அது புரிவதற்குள் பல வருஷம் ஓடிப்போயிருக்கும். காசு போனால் சம்பாதிக்கலாம். மரத்துக்காகக் காத்திருந்த வருஷங்களை யார் திருப்பித் தருவது?

இந்தச் சிக்கலை அவிழ்க்க வந்தவர் ரொனால்ட் ஹேட்டன். ஆக்ஸ்ஃபோர்டில் படித்த இளைஞர். கிராமத்து மக்களைப் புரிந்துகொள்வதற்காகப் பண்ணைகளில் கூலியாள்போல வேலை பார்த்து, அந்த அனுபவத்தைப் புனைபெயரில் புத்தகமாக எழுதியவர்! இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஈஸ்ட் மாலிங் என்ற ஊரில் 1913-ல் பழ ஆராய்ச்சி நிலையம் ஒன்று துவங்கியது. மறு வருஷமே முதல் உலகப் போர். நிலையத்தின் தலைவர் போருக்குப் போய்விட, பொறுப்பு ஹேட்டன் தலையில் விழுந்தது.

கடலுக்கு அந்தப் பக்கம் பீரங்கிகள் முழங்கிக்கொண்டிருக்க, ஹேட்டன் பல நர்சரிகளிலிருந்து வந்த 'பாரடைஸ்' செடிகளை வரிசையாக நட்டு, இலை எப்படி, பட்டை எப்படி, வேர் எப்படி என்று பொறுமையாகப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தார். ஒரே ரகத்துக்குப் பல பெயர், ஒரே பெயரில் பல ரகம் என்பது அம்பலமானது. 1917-ல் முடிவை வெளியிட்டபோது அவர் செய்த புத்திசாலித்தனமான காரியம் - பெயர்களையே தூக்கி எறிந்தது! ஒன்று, இரண்டு, மூன்று என்று ரோமன் எண்களைச் சூட்டினார். பெயர் பொய் சொல்லலாம், நம்பர் சொல்லாது!

அதில் ஒன்பதாம் நம்பர்தான் கதாநாயகன். 'மெட்ஸ் மஞ்சள்' என்று பிரான்சில் அழைக்கப்பட்ட, 1879-ல் தற்செயலாகக் கண்டெடுத்த செடி. இன்று உலகம் முழுக்க 'எம்.9' என்றால் ஆப்பிள் விவசாயிகளுக்குத் தெரியும். இதில் ஒட்டிய மரம் எட்டிலிருந்து பத்து அடியோடு நின்றுவிடும். இரண்டு, மூன்று வருஷத்தில் காய்க்கும். ஏணி வேண்டாம், தரையில் நின்றபடியே பறிக்கலாம். வேரின் பட்டை தடிமனாக இருப்பதும், வளர்ச்சிக்கான ஹார்மோன் கீழே தாராளமாக இறங்காததும் மரம் குள்ளமாவதற்குக் காரணங்கள் என்கிறார்கள் விஞ்ஞானிகள். இலையும் கிளையுமாகப் போக வேண்டிய சக்தி சீக்கிரமே பூவாகிவிடுகிறது!

எதுவும் இலவசமில்லை. எம்.9-ன் வேர் முறுக்கினால் ஒடியும். ஆயுசு முழுக்க முட்டுக்கொம்பு வேண்டும். வறட்சியைத் தாங்காது. வேரையே தாக்கும் பஞ்சு அசுவினிப் பூச்சியையும் அதனால் எதிர்க்க முடியாது. அந்தப் பூச்சியைச் சமாளிக்க ஈஸ்ட் மாலிங்காரர்கள் மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னஸ் நிலையத்தோடு கைகோத்தார்கள். 'நார்தர்ன் ஸ்பை' என்ற அமெரிக்க ஆப்பிளைக் கலந்து 1952-ல் 'எம்.எம்.' வரிசையை வெளியிட்டார்கள். அதில் 106 நடுத்தர உயரம். தொட்டியிலேயே வளர்க்கலாம் என்கிற அளவுக்கு ஐந்தாறு அடியோடு நிற்பது எம்.27. அதாவது, நிலத்தைப் பார்த்து வேரைத் தேர்ந்தெடுக்கும் காலம் வந்துவிட்டது!

'ஆப்பிளெல்லாம் நம்ம ஊருக்கு எதுக்குங்க?' என்கிறீர்களா? வாஸ்தவம்தான், நம் சமவெளியில் அதற்குத் தேவையான குளிர் கிடையாது. ஆனால், மாவிலும் குட்டி மரம் உண்டு. டெல்லி பூசாவில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில், வடக்கத்தி தசேரியையும் நம்ம தெற்கத்தி நீலத்தையும் கலந்து உருவாக்கிய 'அம்ரபாலி'தான் அது. தசேரி ஒரு வருஷம் காய்த்தால் மறு வருஷம் ஏமாற்றும். வருஷம் தவறாமல் காய்க்கும் குணத்தைச் சீதனமாகக் கொடுத்தது நீலம்! இங்கே மரம் சிறுத்ததற்குக் காரணம் வேர் அல்ல, ரகத்தின் சுபாவமே அதுதான். இரண்டரை மீட்டர் இடைவெளியில் நடலாம். ஒரு ஹெக்டேரில் 1,600 மரம்.

அடுத்த முறை நர்சரிக்குப் போகும்போது, 'இது என்ன பழம்?' என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். 'எந்த வேரில் ஒட்டினது? எவ்வளவு உயரம் வரும்?' என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால், அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். உங்கள் வீட்டுச் சுவருக்குள் இருக்கும் அந்தத் துண்டு நிலம் சொர்க்கமாவதும் ஆகாததும், கண்ணுக்குத் தெரியாத அந்த சமாசாரத்தில்தான் இருக்கிறது!