காகம் இருக்க விழுந்த பனம்பழம்

மார்கழி விடுமுறையில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தோம். சாப்பாடு முடிந்து எல்லோரும் கீழே கதைத்துக்கொண்டிருந்தபோது சித்தியின் மகன் என்னை மேலே தன் அறைக்குக் கூட்டிப்போய்த் தொலைபேசியைக் காட்டினான். பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். டெலிகிராமில் ஒரு பங்குச்சந்தை குரு. நம்மவர்தான், அழகாகத் தமிழ் கதைக்கிறார். "தம்பி தங்கச்சிமாரே" என்று தொடங்கி, பச்சை நிற லாபக் கணக்குகளை ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். அவருடைய வகுப்புக்கு 900 டொலர்.

"இவரை நம்பலாமோ அண்ணா? எத்தனையோ தரம் சரியாச் சொல்லியிருக்கிறார்."

நான் கணினித் துறையில் வேலை செய்பவன். முதலீட்டு ஆலோசகன் இல்லை. ஆனால் அந்த "எத்தனையோ தரம்" என்ற சொல்லில் என் மனம் நின்றுவிட்டது. எத்தனை தரம்? மொத்தம் எத்தனை கணிப்புகளில்? அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

இதே கேள்வியை ஏறக்குறைய 90 ஆண்டுகளுக்கு முன் ஓர் அமெரிக்கர் கேட்டார். கேட்டதோடு நிற்காமல் உட்கார்ந்து எண்ணியும் பார்த்தார். அவருடைய கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

நோயாளியின் சந்தேகம்

அவர் பெயர் அல்ஃபிரட் கோல்ஸ். 1891இல் பிறந்தவர். சிக்காகோ ட்ரிபியூன் பத்திரிகையில் பங்கு வைத்திருந்த செல்வக் குடும்பம். காசநோய் வந்ததால், மலைக்காற்று நல்லது என்று கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் போய்த் தங்கினார். அங்கிருந்தபடியே குடும்பத்தின் முதலீடுகளைக் கவனித்தார்.

1920களில் அமெரிக்கப் பங்குச்சந்தை மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. எதை வாங்கலாம், எதை விற்கலாம் என்று சொல்லும் ஆலோசனைக் கடிதங்கள் தபாலில் வந்தன. இன்றைய டெலிகிராம் குழுக்களுக்கு இவை பாட்டன் முறை. காசு கட்டிச் சந்தா எடுத்தால் வாரா வாரம் கணிப்பு வரும். கோல்ஸும் பல கடிதங்களுக்குச் சந்தா கட்டினார்.

பிறகு 1929 வந்தது. செப்டெம்பர் 3ஆம் தேதி டவ் ஜோன்ஸ் குறியீடு 381இல் நின்றது. அக்டோபர் கடைசியில் சரிந்தது. 1932 ஜூலை 8ஆம் தேதி அது வெறும் 41. பத்தில் ஒன்பது பங்கு அழிந்துபோயிற்று. காசு கொடுத்து வாங்கிய கடிதங்கள் இந்தப் பேரழிவைக் கோல்ஸுக்கு முன்கூட்டியே சொல்லவில்லை.

வேறு யாராக இருந்தாலும் திட்டிவிட்டு வேறு குருவைத் தேடியிருப்பார். கோல்ஸ் சந்தாக்களை நிறுத்தினார். இவர்களால் உண்மையிலேயே கணிக்க முடியுமா என்பதைச் சோதித்துப் பார்க்க முடிவு செய்தார். கணிதப் பேராசிரியர் ஹரோல்ட் டேவிஸ் அவருக்கு உதவினார். துளை அட்டைகளைப் படிக்கும் இயந்திரங்களைக் கொண்டு கணக்குப் பார்க்கலாம் என்று வழிகாட்டியவர் டேவிஸ்தான். கணினி பிறக்காத காலத்தில் அதுதான் தரவு அறிவியல். 1932இல் கோல்ஸ் தன் சொந்தப் பணத்தில் ஓர் ஆய்வு அமைப்பைத் தொடங்கினார். பின்னாளில் அது சிக்காகோவுக்கும், 1955இல் யேல் பல்கலைக்கழகத்துக்கும் போய், பொருளியலில் பெரிய பெயர் பெற்றது.

எண்ணினால் என்ன வரும்?

1933 ஜூலையில் முடிவுகளை வெளியிட்டார். தலைப்பே ஒரு கேள்வி: பங்குச்சந்தையைக் கணிப்பவர்களால் கணிக்க முடியுமா? பதிலின் சுருக்கம் ஆங்கிலத்தில் மூன்றே சொற்கள். முடியும் என்பது சந்தேகமே என்பது அதன் பொருள்.

அந்த மூன்று சொற்களுக்குப் பின்னால் இருந்த உழைப்பைப் பாருங்கள். 16 ஆலோசனை நிறுவனங்கள் நான்கரை ஆண்டுகளில் கொடுத்த ஏறக்குறைய 7,500 பரிந்துரைகளை அவர் குழு ஒவ்வொன்றாகப் பதிந்தது. சரியானதையும் பதிந்தார்கள், பிழையானதையும் பதிந்தார்கள். அந்தப் பரிந்துரைகளின்படி வாங்கியவருக்கு, சந்தையின் சராசரியைவிட ஆண்டுக்கு 1.43 வீதம் குறைவாகவே கிடைத்திருக்கும். 16இல் ஆறு நிறுவனங்கள்தான் ஓரளவாவது வெற்றி கண்டிருந்தன. சந்தை எந்தப் பக்கம் போகும் என்று சொன்ன 24 வெளியீடுகளின் நிலை இன்னும் மோசம். அவை ஆண்டுக்கு 4 வீதம் பின்தங்கின.

"அந்த ஆறு பேரைப் பின்பற்றலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். கோல்ஸும் அதைக் கேட்டார். கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். குருட்டாம்போக்கில் அட்டைகளை எடுத்து, கற்பனைக் கணிப்பாளர்களை உருவாக்கினார். அட்டை எது வருகிறதோ அதுதான் அன்றைய கணிப்பு. பிறகு இந்த அட்டைக் குருமாரை உண்மைக் குருமாருடன் ஒப்பிட்டார். உண்மையானவர்களில் மிகச் சிறந்தவர்களின் பதிவு, அட்டைகளில் தற்செயலாக வந்த மிகச் சிறந்த பதிவைவிடப் பெரிதாக மேலே போகவில்லை. கடைசி இடத்தில் இருந்த உண்மைக் குருமாரோ, தற்செயல் என்று சொல்லித் தப்ப முடியாத அளவுக்கு மோசமாக இருந்தார்கள்.

காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது என்று அம்மம்மா சொல்லுவா. ஒரு பனந்தோப்பில் ஆயிரம் காகங்கள் இருந்தால், ஏதோ ஒரு காகத்துக்குக் கீழே பழம் விழத்தான் செய்யும். நீங்களே கணக்குப் போடலாம். 1,024 பேர் ஆளுக்குப் பத்து முறை காசைச் சுண்டினால், சராசரியாக ஒருவருக்குப் பத்தும் பூவாக விழும். அந்த ஒருவர் உடனே ஒரு யூடியூப் அலைவரிசை தொடங்கலாம். மற்ற 1,023 பேரை நாம் பார்க்கவே மாட்டோம்.

ஒரு சரியான கணிப்பின் புகழ்

கோல்ஸ் ஒரு தனி மனிதரையும் எடுத்து ஆராய்ந்தார். வில்லியம் பீட்டர் ஹமில்ட்டன், வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல் பத்திரிகையின் ஆசிரியர். 1929 அக்டோபர் 25ஆம் தேதி, சந்தையின் அலை திரும்பிவிட்டது என்று எழுதியவர். சில வாரங்களில் அவர் இறந்துபோனார். ஆனால் அந்த ஒரு தலையங்கம் அவரைத் தீர்க்கதரிசி ஆக்கியது.

கோல்ஸ் அந்த ஒன்றோடு நிற்காமல் 1903 முதல் 1929 வரை ஹமில்ட்டன் எழுதிய தலையங்கங்கள் எல்லாவற்றையும் எடுத்தார். 26 ஆண்டுகளில் 90 முறை ஹமில்ட்டன் தன் நிலைப்பாட்டை மாற்றியிருந்தார். 45 சரி, 45 பிழை. காசைச் சுண்டினாலும் அதுதான் வந்திருக்கும். அவர் சொன்னபடி நடந்தவருக்கு ஆண்டுக்கு 12 வீதம் கிடைத்திருக்கும். முன்னணித் தொழில் நிறுவனப் பங்குகளை வாங்கிப் பேசாமல் வைத்திருந்தவருக்கு 15.5 வீதம். வித்தியாசம் சின்னதாகத் தெரிகிறதா? 1,000 டொலரை 26 ஆண்டுகளுக்கு வைத்துப் பெருக்கிப் பாருங்கள். 12 வீதத்தில் சுமார் 19,000 டொலர் வரும். 15.5 வீதத்தில் 42,000க்கு மேல் வரும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 12 வீதம் என்பது நல்ல லாபம். ஹமில்ட்டனைப் பின்பற்றிய யாரும் தாம் நட்டப்பட்டதாக நினைத்திருக்க மாட்டார்கள். சும்மா இருந்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று ஒப்பிட்டால்தான் இழப்புத் தெரியும். அந்த ஒப்பீட்டுக்கு அளவுகோல் வேண்டும் என்பதால், 1871ஆம் ஆண்டு வரை பின்னோக்கிப் போய், அமெரிக்கப் பங்குகளின் குறியீட்டையும் கோல்ஸ் குழு கணக்கிட்டு 1938இல் வெளியிட்டது.

ஐம்பது ஆண்டுகள் கழித்து இதே கதை இன்னும் ஆரவாரமாக நடந்தது. ஜோசப் கிரான்வில் என்பவர் மேடைகளில் பியானோ வாசித்து, குரங்கைக் கூட்டிவந்து வேடிக்கை காட்டி, சந்தைக் கணிப்புச் சொல்வார். 1981 ஜனவரி 6ஆம் தேதி இரவு, எல்லாவற்றையும் விற்றுவிடுங்கள் என்று தன் வாடிக்கையாளருக்குத் தொலைபேசியில் சொல்லவைத்தார். மறுநாள் டவ் ஜோன்ஸ் 23.80 புள்ளி விழுந்தது. 9 கோடியே 30 இலட்சம் பங்குகள் கைமாறின. அதுவரை ஒரே நாளில் அவ்வளவு நடந்ததில்லை. ஒரு மனிதர் சொல்லிச் சந்தை விழுந்ததென்றால் அவர் பெரிய ஞானிதானே? ஆனால் அவர் சொன்னதாலேயே பலர் விற்றார்கள், விற்றதால் விழுந்தது. அது கணிப்பே இல்லை.

1982 ஆகஸ்டில் சந்தை திரும்பி, வரலாற்றின் மிகப் பெரிய ஏற்றங்களில் ஒன்று தொடங்கியது. கிரான்வில் விழும், விழும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஆலோசனைக் கடிதங்களைக் கணக்கெடுப்பதையே தொழிலாகக் கொண்ட மார்க் ஹல்பர்ட் என்பவர் 1980 முதல் இவற்றைப் பதிந்து வந்தார். 2005 வரையான 25 ஆண்டுப் பட்டியலில் கிரான்வில்லின் கடிதத்துக்குக் கடைசி இடம். ஆண்டுக்கு 20 வீதத்துக்கு மேல் நட்டம். அந்த வேகத்தில் 1,000 டொலர் 25 ஆண்டுகளில் 4 டொலர்கூட மிஞ்சாது. இருந்தும் அவருக்குச் சந்தாதாரர் இருந்தார்கள்.

பொய் சொல்லாதவரும் பிழைவிடுவார்

குருமார் எல்லோரும் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. இலினோய் மாநிலத்தின் பியர்ட்ஸ்டவுன் என்ற சின்ன ஊரில், வயதான பெண்கள் சிலர் ஒரு முதலீட்டுக் குழு வைத்திருந்தார்கள். பத்து ஆண்டுகளில் ஆண்டுக்கு 23.4 வீதம் லாபம் என்று 1994இல் புத்தகம் போட்டார்கள். அது அமோகமாக விற்றது. 1998இல் கணக்காய்வாளர் பார்த்தபோது உண்மை லாபம் 9.1 வீதம். உறுப்பினர்கள் மாதா மாதம் கட்டிய பணத்தையும் லாபத்தோடு சேர்த்துக் கணக்கிட்டிருந்தார்கள். அவர்கள் நல்ல மனிதர்கள். கணக்குத்தான் பிழை. ஆகவே ஆள் நல்லவரா என்று பார்ப்பது போதாது. கணக்கை யார் சரிபார்த்தார் என்றும் பார்க்க வேண்டும்.

இன்றைக்கு வருவோம். நம்மில் பலர் பார்க்கும் தமிழ்க் காணொளிகள் இந்தியச் சந்தையைப் பற்றியவை. அங்கே சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு, 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளை ஆராய்ந்தது. பங்குகளின் எதிர்கால விலையை வைத்துச் செய்யும் எஃப் அண்ட் ஓ வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 வீதம் பேர் நட்டப்பட்டிருந்தார்கள். 2023 அக்டோபரில், வகுப்பு நடத்திக் கோடிக்கணக்கில் சேர்த்த ஒருவர் மீது செபி இடைக்கால உத்தரவு போட்டது. அவருடைய சொந்த வணிகக் கணக்கில் இரண்டரை ஆண்டுகளில் 2.89 கோடி ரூபாய் நட்டம் என்றது அந்த உத்தரவு.

ஏன் இன்னும் நம்புகிறோம்? எத்தனை முறை ஆய்வு செய்து காட்டினாலும் மக்கள் சந்தா கட்டத்தான் போகிறார்கள் என்று கோல்ஸே முதுமையில் சொன்னார். எங்கோ ஒருவருக்காவது தெரியும் என்று நம்ப நமக்கு ஆசை. யாருக்கும் தெரியாத உலகம் பயமாக இருக்கும்.

நம் வீடுகளில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த நாட்டுக்கு வந்தபோது அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. படிவம் நிரப்ப, வேலை தேட, வீடு வாங்க, எல்லாவற்றுக்கும் "தெரிஞ்ச ஆள்" ஒருவரைத்தான் கேட்டார். அப்படிக் கேட்டுத்தான் நம்மை வளர்த்தார்கள். அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் படிவம் நிரப்பத் தெரிந்தவருக்கு உண்மையிலேயே படிவம் தெரிந்திருந்தது. நாளைய பங்கு விலை அப்படிப்பட்டதல்ல.

நாங்கள் செய்தது

அன்றிரவு தம்பியும் நானும் ஒரு எக்செல் தாளைத் திறந்தோம். குருவின் குழுவில் மூன்று மாதம் பின்னோக்கிப் போய், ஒவ்வொரு கணிப்பையும் தேதியோடு எழுதினோம். பக்கத்தில் சரியா பிழையா என்று ஒரு நிரல். இன்னொரு நிரலில், அதே நாளில் சந்தைக் குறியீட்டு நிதியில் அந்தக் காசைப் போட்டிருந்தால் என்ன வந்திருக்கும் என்று எழுதினோம். சில நாட்களின் கணிப்புகளைக் காணவில்லை. தம்பி வாங்கச் சொன்னதாக நினைவு வைத்திருந்த ஒரு பங்கு பிறகு விழுந்திருந்தது. அந்தப் பதிவு அழிக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

கடைசியில் செலவு என்று ஒரு வரி போட்டேன். "வகுப்புக் காசு 900. இன்னும் கட்டேல்லைத்தானே?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "கட்டிட்டன் அண்ணா. தை மாதத்து ஃபீஸுக்கு வைச்சிருந்த காசு. அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ."

நான் சித்திக்குச் சொல்லவில்லை. அவனே ஒரு நாள் சொல்ல வேண்டும் என்று மட்டும் சொன்னேன். பள்ளிக் காலத்தில் நானும் யாரிடமோ காசைத் தொலைத்தவன்தான். அதை அவனிடம் சொன்னபோதுதான் கொஞ்சம் சிரித்தான்.

உங்களிலும் யாராவது இப்படி ஒரு குருவைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். நம்பாதீர்கள் என்று சொன்னால் நீங்கள் கேட்கப்போவதில்லை, நானும் அந்த வயதில் கேட்டதில்லை. எண்ணிப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். காசு கட்டுவதற்கு முன் மூன்று மாதம் எண்ணுங்கள். சொன்ன அன்றே எழுதிவையுங்கள், பிழைகளையும் சேர்த்து எழுதுங்கள், சும்மா இருந்திருந்தால் வந்திருக்கும் தொகையோடு ஒப்பிடுங்கள். திறமை உள்ளவரென்றால் மூன்று மாதம் காத்திருந்ததால் அது ஓடிப்போகாது. இன்றே கட்டினால்தான் இடம் கிடைக்கும் என்று அவசரப்படுத்தினால், அவருடைய வருமானம் சந்தையிலிருந்து வருகிறதா, உங்களிடமிருந்து வருகிறதா என்பது விளங்கிவிடும்.

தம்பி அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறான். போன கிழமையும் இரண்டு வரி சேர்த்திருந்தான்.