கேத்தேயிலிருந்து 96.8 வரை

டோபி காட் எம்ஆர்டியில் மூன்று ரயில் தடங்கள் சந்திக்கின்றன. மேலே ஏறி ஹேண்டி ரோட்டுப் பக்கம் திரும்பினால் கேத்தே கட்டடத்தின் பழைய முகப்பு நிற்கும். நம்மில் பலருக்கு அது படம் பார்த்த இடம், அவ்வளவுதான். ஆனால் ஒரு காலத்தில் அது வானொலி நிலையமாகவும் இருந்திருக்கிறது. போருக்குப் பிறகு தமிழ் ஒலிபரப்பும் அங்கிருந்துதான் வந்தது.

கேத்தே திரையரங்கு திறந்தது 1939 அக்டோபரில். அதை ஒட்டி எழுந்த கோபுரம் அன்றைய சிங்கப்பூருக்கு வானளாவிய கட்டடம். அதில் மலாயா ஒலிபரப்புக் கழகம் குடியேறியது. 1942 பிப்ரவரியில் ஊர் ஜப்பானியர் கைக்குப் போனதும், ஜப்பானியர் தங்கள் ஒலிபரப்புத் துறையையும் பிரசாரத் துறையையும் அதே கட்டடத்தில் வைத்தார்கள். புதுசா வந்தவனுக்கும் முதலில் தேவைப்பட்டது மைக்தான். 1943 அக்டோபர் 21 அன்று சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்ததும் இதே கேத்தே அரங்கில்தான்.

போர் முடிந்தபின் 1946-ல் ரேடியோ மலாயா வந்தது. ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என நான்கு பிரிவுகள். 1950களின் தொடக்கத்தில் நிலையம் கேத்தேயை விட்டு கால்டிகாட் குன்றுக்குப் போனது. 1959-ல் சிங்கப்பூருக்கென்று தனி வானொலி பிரிந்தது. அதற்கப்புறம் எத்தனையோ பெயர் மாற்றங்கள். 1980-ல் எஸ்பிசி, 1994-ல் நிறுவனமயம், பிறகு மீடியாகார்ப். இன்று நமக்குத் தெரிந்த பெயர் ஒலி 96.8. கால்டிகாட்டும் காலியாகிவிட்டது. நிலையம் இப்போது ஒன்-நார்த் பக்கம்.

கட்டடம் மாறிய கதையை யாரும் சொல்லிவிடலாம். அந்த நிலையம் என்ன செய்தது என்பதுதான் முக்கியம். புதுமைதாசன் என்ற பெயரில் எழுதிய பி. கிருஷ்ணன் அங்கே வேலை பார்த்தவர். 2008-ல் கலாசாரப் பதக்கம் பெற்றவர். அவர் வானொலிக்காக எழுதிய தொடர் நாடகம் ‘அடுக்கு வீட்டு அண்ணாசாமி’. தலைப்பே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது. வீவக 1960-ல் தொடங்கி, கம்பத்து ஆட்களை மாடி வீடுகளுக்கு ஏற்றிக்கொண்டிருந்த காலம். லிஃப்ட், எதிர்வீட்டுக் கதவு, பொதுத் தாழ்வாரம் எல்லாமே தமிழர்களுக்குப் புதுசு. அந்த வாழ்க்கையைச் சென்னை எழுதித் தந்திருக்க முடியாது. இங்கிருந்த ஒருத்தர் எழுதி, இங்கிருந்தவர்கள் நடித்து, இங்கேயே கேட்டார்கள். இந்த ஊருக்கென்று ஒரு தமிழ்க்குரல் உருவானதில் வானொலிக்குப் பெரிய பங்கு உண்டு.

அதே நேரம் ஊர் நினைப்பையும் வானொலிதான் சுமந்தது. 1976-ல் ‘அன்னக்கிளி’ வழியாக இளையராஜா கிராமத்து மெட்டைத் திரைக்குக் கொண்டுவந்தார். அந்த மாதிரிப் பாட்டெல்லாம் வயலையே பார்க்காத சிங்கப்பூர்ப் பிள்ளைகளின் அடுப்படிக்கு வந்ததும் வானொலி வழியாகத்தான். அமெரிக்காவில் கன்ட்ரி இசைக்கு இதே வேலைதான். ஊரை விட்டு வந்தவர்களுக்கு ஊர்ப் பாட்டு. நியூயார்க் மாதிரி ஒரு நகரத்திலேயே டபிள்யூஎச்என் என்ற நிலையம் 1973 முதல் கன்ட்ரி பாட்டு போட்டது. 1987 ஜூலை 1 அன்று அதே அலைவரிசை முழுநேர விளையாட்டு வானொலியாக மாறியது. கேட்க ஆளில்லாமல் இல்லை. வேறொன்று அதிகம் விற்கும் என்று உரிமையாளர் கணக்குப் போட்டார். கதை முடிஞ்சது.

சிங்கப்பூரில் ஒரு குரல் வேறு விதமாக அடங்கியது. லீ டாய் சோர் கன்டோனீஸில் கதை சொல்வார். கம்பி வழியே வந்த ரெடிஃப்யூஷனில் அவர் கதைக்காகக் காப்பிக்கடைகளில் ஆட்கள் காத்திருப்பார்கள். 1979-ல் மாண்டரின் பேசுவோம் இயக்கம் தொடங்கியது. 1982-ல் அவர் நிகழ்ச்சி நின்றது. கேட்பவர்கள் அப்போதும் இருந்தார்கள். கொள்கைதான் மாறியிருந்தது.

அங்கே சந்தை மூடியது, இங்கே கொள்கை மூடியது. தமிழை அதே கொள்கைதான் தாங்கிப் பிடித்தது. தமிழ் இந்த நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. பொறியாளராக எனக்கு இதன் விலை கொஞ்சம் புரியும். எப்எம் பட்டை 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை, மொத்தமே 20 மெகாஹெர்ட்ஸ். பக்கத்து நிலையங்கள் மோதாமல் இருக்க நடுவில் இடைவெளி விட வேண்டும். ஜொகூரும் பாத்தாமும் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் அவர்களோடும் பங்கு போட வேண்டும். அலைவரிசையும் இங்கே நிலம் மாதிரிதான், புதுசா உண்டாக்க முடியாது. அதில் 96.8-ஐத் தமிழுக்கு ஒதுக்குவது என்றால் ஆர்ச்சர்ட் ரோட்டில் ஒரு மனையைத் தமிழுக்கு எழுதிவைப்பது போல.

ஆனால் மனை இருந்தால் மட்டும் வீடு ஆகிடுமா? வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2010 கணக்கெடுப்பில் 3.3 சதவீதம். 2020-ல் 2.5. சட்டத்தால் அலைவரிசையைக் காப்பாற்ற முடியும். அடுப்படிப் பேச்சைக் காப்பாற்ற முடியாது.

டோபி காட் என்ற பெயரையே பாருங்கள். இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் இங்கே ஓடிய ஓடையில் துவைத்து, பக்கத்துப் புல்வெளியில் காயப்போட்டார்கள். அந்த ஓடை ஸ்டாம்ஃபர்ட் கால்வாயாகி, பெரும்பகுதி தரைக்கடியில் மறைந்துவிட்டது. டோபிகள் போய்விட்டார்கள். பெயர் மட்டும் ரயில் அறிவிப்பில் தினமும் ஒலிக்கிறது. கேட்கிறவர்களில் எத்தனை பேருக்கு அர்த்தம் தெரியும்? பெயர் தங்குவது வேறு, ஆட்கள் தங்குவது வேறு. ஒரு தமிழ் அலைவரிசைக்கும் இந்தக் கதி வரலாம். எண் இருக்கும், பலகை இருக்கும், பேச்சு இருக்காது.

பாட்டுக்காக மட்டும் என்றால் இன்று வானொலி யாருக்கும் தேவையில்லை. சென்னையில் வெளியான பாட்டு அதே நிமிடம் நம்ம கைப்பேசியில் இருக்கிறது. கைப்பேசி தராதது ஒன்றுதான்: ‘காலையில சர்க்கிள் லைன் மறுபடி நின்னுடுச்சு’ என்று இந்த ஊர்த் தமிழில் சொல்லும் ஒரு குரல். அண்ணாசாமி அதைச் செய்தார். இப்போதைய அடுக்கு வீட்டுக்காரர் பிள்ளையோடு ஆங்கிலத்திலும் அம்மாவோடு தமிழிலும் பேசுகிறார். லிஃப்டில் புதுக்கோட்டையிலிருந்து கட்டுமான வேலைக்கு வந்த தம்பியைச் சந்திக்கிறார், என்ன பேசுவதென்று தெரியாமல் விழிக்கிறார். இந்த ஆளை வைத்து யாராவது ஒரு தொடர் எழுதினால் நான் முதல் ஆளாகக் கேட்பேன். எழுதத் தெரிந்தவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.